(அ) முதல் (ஈ) வரை: வெளியுறவுக் கொள்கை பற்றி நாடாளுமன்றம் கேட்பதும் அரசு சொல்வதும்

இலங்கைக் கடற்படை இராமேசுவரத்துப் படகுகளைப் பிடித்துச் சென்றது என்ற செய்தி வந்தால், அடுத்த சில நாள்களில் டெல்லியில் வழக்கமாக இரண்டு காட்சிகளைப் பார்க்கலாம். மனுவோடு ரயிலேறி வந்த மீனவர் சங்கத்தினர் சாணக்கியபுரியில் உள்ள தமிழ்நாடு இல்லத்தில் எம்.பி.க்களைச் சந்திக்கக் காத்திருப்பார்கள். நாடாளுமன்றம் நடக்கும் காலமாக இருந்தால், தமிழக உறுப்பினர்கள் அவையில் எழுந்து அதே செய்தியைப் பேசுவார்கள். சில நாள் கழித்து வெளியுறவுத் துறை அமைச்சகத்தின் எழுத்துப்பூர்வமான பதில் ஒரு பத்திச் செய்தியாக நாளிதழில் வரும். கரோல் பாகிலும் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் அதைப் படிக்கும் தமிழர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கேட்டார்கள், பதில் வந்தது, அதனால் என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை காண, நம் அரசமைப்பு வெளியுறவில் நாடாளுமன்றத்துக்கு எதைக் கொடுத்திருக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் தரும் அதிகாரம் பெரும்பாலும் அதனிடம் இல்லை; இருப்பது கேட்கும் உரிமை. எனவே கேள்வி எப்படி எழுதப்படுகிறது, பதில் எப்படிப் படிக்கப்படுகிறது என்ற இரண்டும், வேறெந்தத் துறையையும்விட வெளியுறவில் கூடுதல் எடை பெறுகின்றன.

கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம்?

மூன்று செய்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அடிப்படை விளங்கும்.

1. வெளிநாட்டு விவகாரம், பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுதல், போரும் அமைதியும் ஆகியவை அரசமைப்பின் ஏழாவது அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் இயற்றிக் கோரலாம், முடிவெடுக்க முடியாது.

2. ஒன்றியத்தின் சட்டமியற்றும் அதிகாரம் எதுவரை செல்கிறதோ அதுவரை அதன் நிர்வாக அதிகாரமும் செல்லும் என்கிறது 73ஆம் பிரிவு. ஒப்பந்தம் செய்வதை நெறிப்படுத்தத் தனிச்சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றாததால், அமைச்சரவையே பேசி, கையெழுத்திட்டு, உறுதிசெய்தும் விடுகிறது. அமெரிக்காவில் ஓர் உடன்படிக்கைக்கு, செனட் சபையில் அப்போது அவையிலிருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவு தேவை. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, உறுதிசெய்வதற்கு முன் உடன்படிக்கையை 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தில் வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் இவ்விரண்டுக்கும் இணையான விதி இல்லை.

3. ஆனால் 75ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று சொல்கிறது. ஓர் உடன்படிக்கைக்காக உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால், 253ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்திடம் வந்தே ஆக வேண்டும்.

இந்த மூன்றும் சேரும்போது என்ன விளைகிறது என்பதற்கு 1974ஆம் ஆண்டே சான்று. அந்த ஆண்டு மே 16 அன்று வங்கதேசத்தோடு நில எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூன் 26, 28 தேதிகளில் இலங்கையோடு, பாக் நீரிணையில் எல்லை வகுத்துக் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டிலும் கையெழுத்திட்டவர் இந்திரா காந்தி. முதல் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வர 41 ஆண்டுகள் ஆயின. 2015இல் அரசமைப்பின் 100ஆவது திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிய பிறகே, மற்ற நாட்டு நிலத்தால் முழுதும் சூழப்பட்டுக் கிடந்த 111 இந்தியத் திட்டுகளும் 51 வங்கதேசத் திட்டுகளும் கைமாறின. இரண்டாவது ஒப்பந்தமோ 1974 ஜூலை 8 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. வெளியுறவுத் துறை அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் அதைப் பற்றி அறிக்கை அளித்த நாள் ஜூலை 23. திமுகவின் இரா. செழியனும், இராமநாதபுரம் உறுப்பினரான பி.கே. மூக்கையாத் தேவரும் மக்களவையில் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்துப் பேசிய நேரத்தில் ஒப்பந்தம் ஏற்கெனவே செயலுக்கு வந்திருந்தது.

ஏன் இந்த வேறுபாடு? பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960இல் அளித்த கருத்தின்படி, இந்திய நிலப்பகுதியை வேறொரு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும். 1969இல் கட்ச் வழக்கில் அதே நீதிமன்றம், தகராறில் உள்ள எல்லையை வரையறுத்துத் தீர்ப்பது நிலத்தை விட்டுக்கொடுப்பதாகாது என்றது. கச்சத்தீவை இரண்டாவது வகையில் வைத்தது ஒன்றிய அரசு. ஒரு தீவு எந்த வகையில் சேரும் என்பதை முடிவுசெய்த கையே கையெழுத்தும் இட்டது என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. அந்த வகைப்பாட்டையே நாடாளுமன்றம் முன்கூட்டிக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கான அமைப்பு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஒரு கேள்வியின் பயணம்

மக்களவையில் காலை 11 முதல் 12 மணி வரையும், மாநிலங்களவையில் 2014 இறுதியிலிருந்து நண்பகல் 12 முதல் 1 மணி வரையும் கேள்வி நேரம். கேள்விகளில் இரண்டு வகை முக்கியம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் துணைக் கேள்வி எழுப்பலாம். நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில் மட்டும் மேசையில் வைக்கப்படும். துணைக் கேள்வி கிடையாது. ஒரு நாளில் மக்களவையில் 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 எழுத்துக் கேள்விகளும், மாநிலங்களவையில் 15ம் 160ம் பட்டியலில் இடம்பெறலாம்.

அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் வெளியுறவுத் துறைக்கு மாநிலங்களவையில் வியாழக்கிழமை, மக்களவையில் வெள்ளிக்கிழமை. கேள்வியைக் குறைந்தது 15 நாள்களுக்கு முன் கொடுக்க வேண்டும்; எந்தக் கேள்வி முன்னுரிமை பெறும் என்பதைக் குலுக்கல் முடிவுசெய்கிறது. ஆகவே திங்கட்கிழமை நெடுந்தீவு அருகே படகு பிடிபட்டால், அந்த வார வெள்ளிக்கிழமை அதைப் பற்றிக் கேள்வி வராது. 'எம்.பி. ஏன் உடனே கேட்கவில்லை' என்று கோபப்படும் வாசகர்கள் இந்த 15 நாளை நினைவில் கொள்ள வேண்டும். உடனடியாகப் பேச வேண்டுமென்றால் பூஜ்ஜிய நேரம் இருக்கிறது; ஆனால் அங்கே பேசியதற்கு அந்த இடத்திலேயே பதில் சொல்லும் கட்டாயம் அமைச்சருக்கு இல்லை.

கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், அனுமானம், இழிசொல் இருக்கக் கூடாது. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடக் கூடாது என்ற விதியும் உண்டு. வெளியுறவுக் கேள்விகளில் இந்தக் கடைசி விதி பெரிதும் உதவும், பெரிதும் தடுக்கவும் செய்யும். 'இலங்கைக் கடற்படையின் அட்டூழியத்தை அரசு கண்டித்ததா' என்று எழுதினால் அவையின் செயலகம் திருத்தக்கூடும், தள்ளவும்கூடும். 'இன்ன தேதியில் கைதானவர்களில் எத்தனை பேர் எந்தச் சிறையில் உள்ளனர்' என்று எழுதினால் தடுக்க விதி இல்லை.

அமைச்சகத்தைத் தவறாகக் குறிப்பிடுவதும் வழக்கமான இழப்பு. மீனவர் கைது வெளியுறவுத் துறைக்குரியது. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும் திட்டமும் அதற்கான நிதியும் மீன்வளத் துறைக்குரியவை. கடலோரக் காவல் படை பாதுகாப்புத் துறைக்குரியது. மூன்றையும் ஒரே கேள்வியில் கலந்தால், கேள்வி இன்னொரு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டு வேறொரு நாளுக்குப் போகும், அல்லது வந்த பதிலில் மூன்றில் இரண்டு விடுபடும்.

பதிலை எப்படிப் படிப்பது?

நாடாளுமன்றக் கேள்விகளுக்கென்று ஒரு வார்ப்பு உண்டு. இந்தக் கட்டுரைக்காக நானே எழுதிய ஒரு மாதிரியைப் பாருங்கள்.

வெளியுறவுத் துறை அமைச்சர் தெரிவிக்க வேண்டுவது:
(அ) தமிழ்நாட்டு மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் தொடர்ந்து கைதுசெய்யப்படுவதை அரசு அறியுமா;
(ஆ) ஆம் எனில், அதன் விவரங்கள்;
(இ) பறிமுதல் செய்யப்பட்ட படகுகளை மீட்க அரசு எடுத்த நடவடிக்கைகள், மற்றும்
(ஈ) நிரந்தரத் தீர்வு காண அரசு மேற்கொள்ளும் முயற்சிகள்?

இதற்கு வரக்கூடிய பதில், '(அ) முதல் (ஈ) வரை' என்று தொடங்கும். மீனவர்களின் பாதுகாப்புக்கு அரசு மிக உயர்ந்த முன்னுரிமை அளிக்கிறது; உயர் நிலைகளில் இலங்கை அரசிடம் இது எழுப்பப்பட்டுள்ளது; மனிதாபிமான, வாழ்வாதாரப் பிரச்சினையாக அணுக வேண்டும் என வலியுறுத்தப்பட்டுள்ளது; 2016இல் அமைக்கப்பட்ட கூட்டுப் பணிக்குழு இதைப் பேசுகிறது; தூதரக அதிகாரிகள் கைதானவர்களைச் சந்தித்து உதவுகின்றனர். இத்தகைய பதில்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு இந்த வாக்கியங்கள் மனப்பாடமாகிவிடும். இவற்றில் பொய் ஏதும் இல்லை. ஆனால் (இ) கேட்டது படகுகளை. நான்கு உறுப்புகளையும் சேர்த்துக் கட்டிய ஒற்றைப் பத்தியில் படகு என்ற சொல்லே வராமல் போகலாம். தனித்தனியாகப் பதில் எழுதியிருந்தால் (இ)க்கு எதிரே ஒரு வெற்றிடம் தெரிந்திருக்கும். சேர்த்து எழுதும்போது அது மறைகிறது.

ஆகவே பதிலைப் படிக்கும்போது முதலில் உறுப்புகள் எப்படித் தொகுக்கப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டும். அடுத்து, எண்ணும் தேதியும் கேட்ட இடத்தில் எண்ணும் தேதியும் வந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, வினைச்சொல்லின் காலத்தைக் கவனிக்க வேண்டும்: 'எழுப்பப்பட்டது' என்பதும் 'எழுப்பப்பட்டு வருகிறது' என்பதும் ஒன்றல்ல, முன்னதற்கு ஒரு நாள் உண்டு, எந்த நாள் என்று அடுத்த கேள்வியில் கேட்கலாம். இறுதியாக, அதே பொருளில் சென்ற கூட்டத்தொடரில் வந்த பதிலை எடுத்து அருகில் வைக்க வேண்டும். வெளியுறவில் கொள்கை மாற்றம் பெரும்பாலும் பத்திரிகை அறிவிப்பாக வருவதில்லை. ஆண்டுக்கணக்காக இருந்த ஒரு சொற்றொடர் ஒரு வெள்ளிக்கிழமைப் பதிலில் காணாமல் போவதாகவே வரும்.

மேலே உள்ள மாதிரியில் குறை அரசிடம் மட்டும் இல்லை. 'அரசு அறியுமா', 'ஆம் எனில் விவரங்கள்' என்று இரண்டு உறுப்புகளை வீணடித்தது கேள்வியும்தான். இலங்கை 2018இல் தன் சட்டத்தைத் திருத்தி, எல்லை தாண்டும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. அந்தத் திருத்தத்துக்குப் பின் பறிமுதலான படகுகள் ஆண்டுவாரியாக எத்தனை, அவற்றில் திரும்பியவை எத்தனை, நீதிமன்றத்தால் அரசுடைமை ஆக்கப்பட்டவை எத்தனை, கூட்டுப் பணிக்குழு கூடிய தேதிகள் யாவை என்று கேட்டிருந்தால், உயர்ந்த முன்னுரிமை என்ற சொல்லால் அதை நிரப்ப முடியாது.

நட்சத்திரக் கேள்வியின் பலம் துணைக் கேள்வியில் இருக்கிறது. மூலக் கேள்விக்கான பதில் முன்பே அச்சாகி வந்துவிடும். அமைச்சர் 'அறிக்கை மேசையில் வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி சொல்லி அமர்வார். கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள். அந்த இரண்டையும் அறிக்கையைப் படித்து, அதில் விடுபட்டதைக் குறிவைத்துக் கேட்கும் உறுப்பினர்கள் சிலரே. நீண்ட முன்னுரையோடு தொகுதிப் பெருமையைச் சொல்லி, முடிவில் 'அரசு என்ன செய்யப் போகிறது' என்று முடிக்கும்போது, அமைச்சர் எதை வேண்டுமானாலும் பதிலாகச் சொல்லலாம். மொழியைப் பற்றியும் ஒரு குறிப்பு: அரசமைப்பின் 120ஆம் பிரிவின்படி அவைத் தலைவரின் அனுமதியோடு தாய்மொழியில் பேசலாம், தமிழுக்கு உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் அச்சாகி வரும் பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். இராமேசுவரத்து மீனவர் தம்மைப் பற்றிய பதிலைத் தம் மொழியில் படிக்க வழியில்லை என்பது சிறிய குறையன்று.

அமைச்சர் தாமாக அளிக்கும் அறிக்கை

பெரிய நிகழ்வு நடக்கும்போது, கேள்விக்குக் காத்திராமல் அமைச்சர் தாமே அவையில் அறிக்கை அளிப்பார். கூட்டத்தொடர் நடக்கும்போது முக்கியச் செய்தியை அவைக்கு வெளியே முதலில் சொல்லக் கூடாது என்பது நெடுநாள் மரபு. இரண்டு அவைகளுக்கும் இதில் ஒரு முக்கிய வேறுபாடு: மக்களவையின் 372ஆம் விதிப்படி அறிக்கை வாசிக்கப்படும்போது அதன் மீது கேள்வி கேட்க முடியாது. மாநிலங்களவையில் தலைவர் அனுமதித்தால் விளக்கம் கேட்கும் வழக்கம் உண்டு. இதனால் ஒரே செய்தியில் மாநிலங்களவையின் அவைக்குறிப்பு பலமுறை கூடுதல் தகவல் தருகிறது. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 இந்தியர்கள் கைவிலங்கோடு அமிர்தசரஸில் இறக்கப்பட்டார்கள். மறுநாள் வெளியுறவுத் துறை அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் மாநிலங்களவையில் அறிக்கை அளித்து, 2009 முதல் ஆண்டுவாரியாகத் திருப்பி அனுப்பப்பட்டோர் எண்ணிக்கையை வைத்தார். விலங்கிடும் நடைமுறை 2012 முதல் இருப்பது என்றார். அடுத்து உறுப்பினர்கள் விளக்கம் கேட்டார்கள்.

அவைக்கே முதலில் சொல்ல வேண்டும் என்ற மரபு மனிதர்கள் மீது எவ்வளவு கடுமையாக விழக்கூடும் என்பதை மோசூல் நிகழ்வில் கண்டோம். 2014 ஜூனில் ஈராக்கின் மோசூல் நகரில் 39 இந்தியத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டுக் காணாமல் போனார்கள். அவர்கள் உயிரோடு இருப்பதாகத் தகவல் என்று அரசு ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது. ஆதாரமின்றி இறந்துவிட்டார்கள் என அறிவிப்பது பாவம் என்று 2017இல் அப்போதைய வெளியுறவுத் துறை அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அவையில் சொன்னார். 2018 மார்ச் 20 அன்று, மரபணுச் சோதனை முடிவுகளோடு, 39 பேரும் கொல்லப்பட்டுவிட்டனர் என்று மாநிலங்களவையில் அறிவித்தார். பல குடும்பங்கள் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில்தான் முதலில் கேட்டன. குடும்பத்தாருக்கு ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்டபோது, அவைக்கு முதலில் தெரிவிப்பது தம் கடமை என்றார் அமைச்சர். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆயினும், பஞ்சாபின் ஒரு வீட்டில் நான்கு ஆண்டுகள் காத்திருந்த தாய்க்கு ஒரு மணி நேரம் முன்னதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தால் எந்த அவையின் மாண்பும் குறைந்திருக்காது என்றே நான் கருதுகிறேன்.

விவாதம், வாக்கெடுப்பு, ஒரு சொல்

விவாதம் கோரும் வழிகள் பல. செய்திகளில் எண்களாகவே அடிபடுவதால் வாசகர்கள் குழம்புகிறார்கள். வேறுபாடு எளியது.

1. மக்களவை விதி 193, மாநிலங்களவை விதி 176: குறுகிய கால விவாதம். பேசலாம், வாக்கெடுப்பு இல்லை.

2. மக்களவை விதி 184: தீர்மானத்தின் மீது விவாதம், முடிவில் வாக்கெடுப்பு உண்டு.

3. மாநிலங்களவை விதி 267: அன்றைய அலுவலை நிறுத்திவைத்துப் பேசக் கோருவது. கோரிக்கை அடிக்கடி வரும், ஏற்கப்படுவது மிக அரிது.

4. கவன ஈர்ப்பு: அமைச்சரை ஒரு பொருளில் அறிக்கை தரவைத்து, விளக்கம் கேட்பது. இது இந்திய நாடாளுமன்றம் தானே உருவாக்கிக்கொண்ட முறை.

5. ஒத்திவைப்புத் தீர்மானமும் நம்பிக்கையில்லாத் தீர்மானமும்: இவை மக்களவைக்கு மட்டும் உரியவை, அரசைக் கண்டிக்கவும் வீழ்த்தவும் வல்லவை.

எந்த விதியின் கீழ் விவாதம் என்று நாள்கணக்கில் நடக்கும் சண்டை வீண் பிடிவாதமாகத் தோன்றலாம். உண்மையில் அது, ஒவ்வொரு கட்சியும் தன் நிலையை வாக்காகப் பதிவுசெய்ய வேண்டுமா, பேச்சோடு நிறுத்தலாமா என்ற சண்டை. இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2005 ஜூலையில் கூட்டறிக்கை வந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் பிரதமர் மன்மோகன் சிங் திரும்பத் திரும்ப அவைகளில் விளக்கம் அளிக்க நேர்ந்தது. உடன்பாட்டுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் சட்டப்படி தேவைப்படவில்லை. ஆனால் 2008 ஜூலை 8 அன்று இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். ஜூலை 22 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 275க்கு 256 என்ற கணக்கில் தப்பியது. உடன்பாட்டைத் தொடர்ந்து அணு விபத்து இழப்பீட்டுக்குச் சட்டம் தேவைப்பட்டபோது நாடாளுமன்றத்திடம் வந்தே ஆக வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில், கருவி வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பைப் பற்றிய பிரிவை உறுப்பினர்கள் வற்புறுத்திச் சேர்த்தார்கள். கையெழுத்தைத் தடுக்க முடியாத அவை, கையெழுத்தின் விளைவை மாற்ற முடிந்தது.

அவை ஒருமனதாக இயற்றும் தீர்மானம் இன்னொரு வகை. 2003இல் அமெரிக்கா ஈராக்கைத் தாக்கியபோது, எதிர்க்கட்சிகள் கண்டனம் வேண்டும் என்றன. வாஜ்பாய் அரசு அமெரிக்க உறவைக் கருதித் தயங்கியது. இறுதியில் ஏப்ரல் 8 அன்று மக்களவை ஏற்ற தீர்மானத்தின் இந்தி வடிவில் 'நிந்தா' என்ற சொல் இருந்தது; ஆங்கில வடிவில் அதைவிட மென்மையான, வருந்துதலுக்கு அருகில் வரும் 'டிப்ளோர்' என்ற சொல் வைக்கப்பட்டது. ஒரே தீர்மானம் உள்நாட்டில் கண்டனமாகவும் வாஷிங்டனில் வருத்தமாகவும் படிக்கப்படக் கூடியதாயிற்று. நிந்தை என்ற சொல்லைத் தமிழிலும் அறிந்த நமக்கு, இரண்டுக்கும் உள்ள தொலைவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒருமித்த தீர்மானம் கிடைக்காமல் போனதும் தமிழர்களுக்கு நினைவிருக்கும். 2013 மார்ச்சில், இலங்கைப் போரின் இறுதிக்கட்டம் குறித்து நாடாளுமன்றமே தீர்மானம் இயற்ற வேண்டும் என்று கோரி, மார்ச் 19 அன்று திமுக மன்மோகன் சிங் அரசிலிருந்து விலகியது. மறுநாள் அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பிற கட்சிகள் இசையவில்லை, தீர்மானம் வரவில்லை. மார்ச் 21 அன்று ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு ஆதரவாக இந்தியா வாக்களித்தது. அடுத்த ஆண்டு வாக்களிக்காமல் விலகியது. இரண்டு முடிவுகளும் அமைச்சரவையுடையவை. இரண்டுக்கும் அவையின் முன்-அனுமதி கேட்கப்படவில்லை.

விவாதத்தால் என்ன வெளிவரும் என்பதற்கு அண்மைச் சான்று ஆபரேஷன் சிந்தூர் விவாதம். 2025 மே 10 அன்று பாகிஸ்தானுடனான சண்டை நின்றது. சிறப்புக் கூட்டத்தொடர் வேண்டும் என்ற கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. ஜூலை 28, 29 தேதிகளில்தான் மக்களவை அதை விவாதித்தது. இடைப்பட்ட காலத்தில் கனிமொழி உள்ளிட்டோர் தலைமையில் ஏழு அனைத்துக் கட்சிக் குழுக்கள் வெளிநாடுகளுக்குச் சென்றன. அவை இந்தியாவின் நிலையை வெளியே எடுத்துச் சொல்லப் போனவை. அரசிடம் விளக்கம் கேட்கும் வேலைக்கு அவை ஈடாகா. வர்த்தகத்தைக் காட்டிச் சண்டையை நிறுத்தியதாக டிரம்ப் சொல்லிவந்ததைப் பற்றி, ஏப்ரல் 22 முதல் ஜூன் 17 வரை பிரதமருக்கும் டிரம்புக்கும் இடையே தொலைபேசி உரையாடல் எதுவும் நடக்கவில்லை என்று ஜெய்சங்கர் ஜூலை 28 அன்று அவையில் சொன்னார். பேட்டியில் சொன்னதை மறுநாள் திருத்திக்கொள்ளலாம். அவையில் சொன்னது தவறானால் உரிமை மீறல் பிரச்சினை எழும். அதனால்தான் இரண்டு தேதிகளுக்கு நடுவே அடக்கிச் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்துக்கு எடை உண்டு.

மூடிய கதவுக்குள் நிலைக்குழு

வெளியுறவு நிலைக்குழுவில் 31 உறுப்பினர்கள்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் இதில் இருக்க முடியாது. 1993இல் தொடங்கிய துறைவாரி நிலைக்குழு முறையின் பகுதி இது. அமைச்சகம் ஆண்டுச் செலவுக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையை வரி வரியாகப் பார்ப்பதும், செயலர்களை அழைத்துக் கேட்பதும் இதன் வேலை. 2017இல் சீனாவோடு ஏற்பட்ட டோக்லாம் எல்லை நெருக்கடியின் நடுவே, அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த ஜெய்சங்கர் இந்தக் குழுவின் முன் அமர்ந்து பதில் சொன்னார். சசி தரூர் தலைமையிலான குழு 2018இல் சீன உறவு பற்றி விரிவான அறிக்கை தந்தது. அவையில் கட்சியாகப் பிரிந்து நிற்பவர்கள் குழுவில் தகவலைக் கேட்டு ஒரே அறிக்கையில் கையெழுத்திட முடிகிறது என்பது இதன் பெரிய பலம். தொலைக்காட்சி இல்லாததே அதற்குக் காரணம். பொதுமக்கள் அறிய முடியாததற்கும் அதே காரணம். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா. அரசு நலனுக்குக் கேடு எனச் சொல்லி ஆவணம் தர மறுக்கவும் விதி 270 இடமளிக்கிறது. அமைச்சரே தலைமை ஏற்கும் ஆலோசனைக் குழு என்ற ஒன்றும் உண்டு. பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு, அதில் அறிக்கை எதுவும் அவைக்கு வராது.

'பரிசீலிக்கிறோம்' என்றால்

அமைச்சர் அவையில் 'இது பரிசீலனையில் உள்ளது', 'தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்' என்று சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். அரசு உறுதிமொழிகள் குழு, மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும், இவற்றைத் தொடர்கிறது. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். வெளியுறவுப் பதில்கள் 'எழுப்பப்பட்டுள்ளது', 'வலியுறுத்தப்பட்டுள்ளது' என்று முடிந்த செயலாகவே எழுதப்படுவதற்கு ஒரு விளைவு உண்டு: முடிந்ததாகச் சொன்னதற்கு உறுதிமொழி பிறக்காது.

இரகசியம் என்ற காரணம்

நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தையின் உள்விவரத்தை அவையில் கொட்ட முடியாது என்பது நியாயமே. பிணைக்கைதியின் உயிர் அதில் தங்கியிருக்கலாம். ஆனால் இரகசியத்துக்கும் மௌனத்துக்கும் இடையே அரசுகள் முன்பு வழி கண்டிருக்கின்றன. சீனாவோடு பரிமாறிய கடிதங்களையும் குறிப்புகளையும் நேரு 1959 செப்டம்பரில் வெள்ளை அறிக்கையாக நாடாளுமன்றத்தில் வைத்தார். 1962 அக்டோபர் 20 அன்று போர் தொடங்கியது. நவம்பர் 8 அன்று நாடாளுமன்றம் கூடியது. போர் முடியாத நிலையிலேயே மக்களவை ஒரு வாரம் விவாதித்து நவம்பர் 14 அன்று தீர்மானம் இயற்றியது. விதிகளில் இரகசிய அமர்வுக்கு இடம் இருந்தும், அந்த யோசனையை நேரு ஏற்கவில்லை. அரசைக் கடுமையாகத் தாக்கிய உரைகள் அந்த அவைக்குறிப்பில் இன்றும் உள்ளன.

2020இல் நிகழ்ந்தது வேறு. ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். ஜூன் 19 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது; அத்தகைய கூட்டத்துக்கு அவைக்குறிப்பு கிடையாது. செப்டம்பரில் கூட்டத்தொடர் தொடங்கியபோது, பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. எழுத்துப் பதில்கள் மட்டும் தொடர்ந்தன. 15ஆம் தேதி மக்களவையில் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் அறிக்கை வாசித்தார்; மேலே சொன்ன 372ஆம் விதிப்படி அதன் மீது கேள்வி இல்லை. 2022 டிசம்பரில் அருணாசலப் பிரதேசத்தின் தவாங்கில் சீனப் படையோடு நடந்த மோதலுக்குப் பின்னும் அறிக்கை வந்தது, விவாதம் வரவில்லை, எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. எந்தக் கட்சி ஆண்டாலும், எல்லையைப் பற்றி அவை அமைதியாக இருப்பது படைக்கு வலிமை சேர்க்கும் என்ற வாதத்தை நான் ஏற்க இயலவில்லை. 1962இன் அவைக்குறிப்பே அதற்கு எதிரான சான்று.

தமிழ்நாடு இல்லத்தின் வாசலில் மனுவோடு நிற்பவர்களுக்கு இவற்றிலிருந்து கிடைப்பது மிக எளிய பயன். மனுவில் வேதனையோடு கூடவே, கைதான நாள், படகின் பதிவு எண், ஆள்களின் எண்ணிக்கை, அடைக்கப்பட்ட சிறை, வழக்கு நடக்கும் இலங்கை நீதிமன்றம் இருக்கும் ஊர் ஊர்காவற்றுறையா மன்னாரா, அடுத்த வாய்தா தேதி, தூதரக அதிகாரி வந்து பார்த்தாரா, பார்த்தால் எந்த நாள் என்பவை இருந்தால், உறுப்பினரின் உதவியாளர் அதை அப்படியே (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரித்து எழுதி, வெளியுறவுத் துறைக்குரிய வெள்ளிக்கிழமைக்குப் பதினைந்து நாள் முன்னதாகச் செயலகத்தில் பதிவு செய்துவிடலாம்.